ஸ்காபரோக் கோடியில் கடைசி அறுவடை

செப்டம்பர் 7

இன்று பயித்தங்காய் நாலு பிடி, வெண்டிக்காய் பதினொன்று, கத்தரிக்காய் மூன்று இறாத்தல். இங்கே கனடாவில் மே மாதம் வரும் விக்டோரியா நாள் விடுமுறையில் நாற்று நட்டு, ஜூன் முழுக்க அணிலோடு மல்லுக்கட்டி, ஜூலைக் கடைசிவரை வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போனால் வெறுங்கையோடு திரும்ப முடிவதில்லை. வெண்டி இரண்டு நாள் விட்டால் முற்றிப்போகிறது. நுனியை ஒடித்துப் பார்த்து, சடக்கென்று முறியாததை விதைக்கு விட்டுவிட்டேன்.

புடலைதான் இந்த வருடத்துப் புளுகம். போன வருடம் பந்தல் நிறையக் கொடி, காய் ஒன்றுகூட இல்லை. பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி விழுந்தது. புடலம்பூ பொழுதுபட்ட பிறகுதான் விரியும். ஊரில் இரவுப் பூச்சிகள் வந்து வேலையை முடித்துவிடும், நாங்கள் கவனிப்பதே இல்லை. இங்கே என் பந்தலுக்கு அவை வந்ததாகத் தெரியவில்லை. அதனால் ஆகஸ்ட் முழுக்க இரவு ஒன்பது மணிக்கு டோர்ச் லைட்டோடு நானே போனேன். பெண்பூவுக்குக் கீழே நூல் மாதிரி ஒரு குட்டிப் புடலங்காய் இருக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆண்பூவைப் பிய்த்து அதன் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பூவுக்குத் தடவியதில் ஆறு பிடித்தது. சுருளாமல் இருக்க, அம்மா செய்வதுபோல நுனியில் சின்னக் கல் கட்டினேன்.

செப்டம்பர் 19

அவரைக்கொடி பற்றி எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். வேலி மறையக் கொடி, பூ மட்டும் இல்லை. உரம் கூடிவிட்டதோ என்று ஓகஸ்டில் நிறுத்தினேன், தண்ணீரையும் குறைத்தேன். ஒன்றுக்கும் அது அசையவில்லை. பக்கத்து வீட்டு ஐயா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, அது பொழுது பாத்துப் பூக்கிற சாதி. ஊர் விதை தானே? பகல் குறையட்டும்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. இங்கே ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். கொடி மாரி வரும்வரை காத்திருக்கிறது. இங்கே வருவதோ உறைபனி. இன்று காலை முதல் பூங்கொத்து ஊதா நிறத்தில் வந்திருக்கிறது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 28

இரவில் 9 பாகை. கருவேப்பிலைச் சாடியை உள்ளே எடுத்தாயிற்று. எடுக்கமுன் இலையின் அடிப்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தேன். போன வருடம் பூச்சியையும் சேர்த்துக் கொண்டுவந்து குளிர்காலம் முழுக்க வளர்த்த அனுபவம் இருக்கிறது.

மிளகாய் கொட்டிக் கிடக்கிறது. கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து மோர்மிளகாய் போட்டேன். வெயிலுக்குப் பலமில்லை, ஓவனில் ஆகக் குறைந்த சூட்டில் காயவைத்தேன். வீடு முழுக்க இருமல். மனைவி இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

அக்டோபர் 9

இன்றிரவு உறைபனி என்று அறிவிப்பு. வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் ஆய்ந்தேன். பச்சைத் தக்காளி மட்டும் ஒரு வாளி. எது பழுக்கும் எது பழுக்காது என்று பார்க்க, ஒரே பருமனில் இருப்பவற்றில் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பேன். உள்ளே வழுவழுப்பாகி, கத்தி படும்போது விதை வழுக்கி விலகினால் மற்றவை பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் கறிக்குத்தான். பழுக்கக்கூடியவற்றைக் கடதாசிப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு வைத்தாயிற்று. இதற்கு வெயில் தேவையில்லை. பிரிட்ஜில் மட்டும் வைக்கக் கூடாது. மிச்சம் தேங்காய்ப்பால் விட்டுப் பாற்கறி. புளிப்புக்குத் தேசிக்காயே வேண்டாம்.

அவரைக்கு மட்டும் மனம் வரவில்லை. பழைய கட்டில் விரிப்பு இரண்டை வேலியோடு போர்த்திவிட்டேன்.

அக்டோபர் 10

பயித்தங்கொடி, வெண்டி, புடலைப் பந்தல் எல்லாம் வெந்த கீரை மாதிரிக் கறுத்துத் தொங்குகின்றன. விரிப்புக்குள் கைவிட்டுத் தடவினேன். மேல்கொடி போய்விட்டது, அடியில் பச்சை இருந்தது. இருபத்தேழு அவரைக்காய். பாதியை ஐயாவுக்குக் கொடுத்தேன்; எண்ணிப் பார்த்துவிட்டு, "பதின்மூண்டு தான் இருக்கு" என்றார்.

மற்றப் பதினான்கையும் ஒரு கத்தரிக்காயோடு சேர்த்துச் சட்டியில் போட்டாயிற்று. அந்தப் பாத்தியில் அடுத்த கிழமை உள்ளிப் பல் ஊன்ற வேண்டும்.