ரப்பர் ஸ்டாம்ப் வாழ்த்து அட்டை: செய்முறைத் தேர்வுக்குப் படித்த விதம்

கையால் வாழ்த்து அட்டை செய்வதைச் சான்றிதழ் படிப்பாகப் பயின்றபோது, எங்களுக்கு மதிப்பெண் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, படிப்புக் காலம் முழுவதும் சேர்த்து வர வேண்டிய மாதிரி ஏடு. மற்றொன்று, கொடுக்கப்பட்ட கருப்பொருளுக்கு ஏற்பக் குறித்த நேரத்துக்குள் அட்டைகளைச் செய்து முடிக்க வேண்டிய செய்முறைத் தேர்வு. இத்தகைய தேர்வுக்குத் தயாராகும் பலர், புதுப்புது வடிவமைப்புகளைச் சேகரிப்பதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிடுவதைப் பார்க்கிறேன். எந்தத் தாளில் எந்த மை எப்படி நடந்துகொள்ளும், எது காய எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த வேலையை எதற்கு முன் முடிக்க வேண்டும் என்பவை பழகியிருந்ததுதான் தேர்வு மேசையில் எனக்குக் கைகொடுத்தது. அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளும் வழியை இங்கே எழுதுகிறேன்.

மாதிரி ஏட்டை அழகான அட்டைகளின் ஆல்பமாக அல்லாமல், சோதனைக் குறிப்பேடாகத் தொடங்குங்கள். ஒரே ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு, கையிலிருந்த ஒவ்வொரு வகைத் தாளின் துண்டிலும் ஒவ்வொரு மையாலும் பதித்து, பதித்தவுடன் ஒரு முறையும் சற்று நேரம் கழித்து மறுமுறையும் விரலால் தேய்த்துப் பார்ப்பேன். பிறகு ஒரு துண்டின்மேல் ஈரத் தூரிகையை இழுப்பேன். இன்னொன்றின்மேல் ஆல்கஹால் மார்க்கரை ஓட்டுவேன். கோடு கலைந்ததா, தாளின் இழைகளுக்குள் மை ஊர்ந்து பரவியதா, விளிம்பு கூர்மையாக நின்றதா என்பதை அந்தத் துண்டின் கீழேயே எழுதி ஒட்டுவேன். ஸ்டாம்ப் மாறாததால், தெரிகிற வேறுபாடு முழுவதும் தாளாலும் மையாலும் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியும். என் ஏட்டைப் பார்த்த மதிப்பீட்டாளர்கள் அலங்காரமான பக்கங்களைவிட இந்தப் பக்கங்களிலேயே அதிக நேரம் நின்றார்கள். கேள்விகளும் இவற்றிலிருந்தே எழுந்தன.

தாளைப் பற்றிப் படிக்கும்போது முதலில் ஜிஎஸ்எம் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்லும் அளவு அது. வழக்கமாக நகலெடுக்கும் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் இருக்கும். அட்டையின் அடிப்பாகம் வளையாமல் நிற்க 250 முதல் 300 வரை தேவை. அதன்மேல் ஒட்டும் அடுக்குகளுக்கு 120 முதல் 160 வரை போதுமானது. எல்லா அடுக்குகளுக்கும் கனமான அட்டையையே எடுத்தால் அட்டை தடித்து, உறைக்குள் நுழைய மறுக்கும்.

ஜிஎஸ்எம் அளவைவிட முக்கியமானது, பாடத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் இழையோட்டம். ஆலையில் தாள் உருவாகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் மேற்பரப்பு வெடித்து வெள்ளை நார் தெரியும். தாளை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவாக இருக்கிறதோ, அந்த வளைவின் முதுகு இழைக்கு இணையாக ஓடுகிறது. இதை ஏ4 தாளில் வைத்துப் பார்த்தால் ஒரு சுவையான விஷயம் புலப்படும். இழை 297 மி.மீ. நீளவாக்கில் ஓடும் ஏ4 அட்டையை அப்படியே பாதியாக மடித்தால், மடிப்பு இழைக்குக் குறுக்கே விழுகிறது. அதே அட்டையை முதலில் இரண்டு ஏ5 துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்து ஏ6 அட்டையாக்கினால், மடிப்பு இழையோடு இணைந்து செல்கிறது. ஒரே தாள் பெரிய அட்டையாகும்போது வெடிப்பதும் சிறிய அட்டையாகும்போது வெடிக்காமல் இருப்பதும் இதனால்தான். இந்தக் காரணம் தெரிந்தவர் தேர்வில் தாளைக் கையில் வாங்கியவுடன் வளைத்துப் பார்த்துவிட்டே அட்டையின் அளவை முடிவு செய்வார். எப்படி மடித்தாலும், முதலில் முனை மழுங்கிய கருவியால் மடிப்புக்கோட்டை அழுத்தி வரைந்துவிட்டு, பிறகு மடித்து போன் ஃபோல்டர் (bone folder) எனும் தட்டையான மடிப்புக் கருவியால் நீவ வேண்டும். அழுத்தியதால் மறுபக்கம் எழும் மேடு மடிப்பின் உட்புறம் இருக்க வேண்டும்.

இனி ஸ்டாம்ப். மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர், அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டி எடுக்கக்கூடிய ரப்பர், கண்ணாடிபோலத் தெரியும் ஃபோட்டோபாலிமர் என மூன்று வகைகளைப் பொதுவாகப் பயன்படுத்துகிறோம். மரக்கட்டையை நீரில் ஊறவைக்கக் கூடாது, பசை விட்டுவிடும். ஃபோட்டோபாலிமரை வெயிலில் வைக்கக் கூடாது, மஞ்சளாகி இறுகும். புதிய ஃபோட்டோபாலிமரின் மேற்பரப்பு மையை ஏற்காமல் துளித்துளியாக ஒதுக்கும். ரப்பர் அழிப்பானால் அதன் முகத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டால் மை சீராகப் பற்றும். அதன் ஊடாகத் தாள் தெளிவாகத் தெரிவதால் சொற்களை நேராகப் பதிக்க இது வசதி. மெல்லிய கோடுகளும் புள்ளி நிழல்களும் கொண்ட படங்களுக்கு நான் ரப்பரையே விரும்புவேன்.

பதிப்பதில் பெரும்பாலான குறைகள் மையேற்றும்போதே உண்டாகிவிடுகின்றன. ஸ்டாம்பை மைத்தட்டின்மேல் அழுத்தினால், கோடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களிலும் மை இறங்கிவிடும். பதிவைச் சுற்றித் தேவையற்ற விளிம்புத் தடம் விழும். மெதுவாகப் பலமுறை தட்டியெடுப்பதே சரி. பெரிய ஸ்டாம்பாக இருந்தால் அதை மேசையில் மல்லாத்தி வைத்து, மைத்தட்டைக் கையில் எடுத்து அதன்மேல் தட்டலாம். பிறகு ஸ்டாம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மை பற்றிய இடம் ஈரமாக மினுங்கும், பற்றாத இடம் மங்கிக் கிடக்கும். தாளுக்கு அடியில் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து, ஸ்டாம்பை நேராக இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டாமல் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் அழுத்தி, தாளை மறு கையால் பிடித்துக்கொண்டு நேராக மேலே எடுக்க வேண்டும். நிறம் மாற்றும்போது ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிய பிறகே அடுத்த மைக்குப் போக வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குச் செல்வது மைத்தட்டுகளைக் காப்பாற்றும்.

மைகளின் குணத்தை மனப்பாடம் செய்வதைவிட, அவை எதனால் ஆனவை என்று புரிந்துகொண்டால் எல்லா விதிகளும் தாமாகவே நினைவில் நிற்கும். டை இங்க்கில் நிறம் திரவத்தில் கரைந்திருக்கிறது. அதனால் அது தாளுக்குள் ஊறி விரைவில் காய்கிறது. வெளிச்சத்தில் நாளடைவில் மங்கவும் செய்கிறது. பிக்மென்ட் இங்க்கில் நிறம் நுண்துகள்களாக மிதக்கிறது. அவை தாளின் மேற்பரப்பில் தங்குவதால் மெதுவாகக் காய்கின்றன. அடர்நிறத் தாளிலும் எடுப்பாகத் தெரிகின்றன. தூளைப் பிடித்துக்கொள்ளும் ஈரம் இருப்பதால், தூவிய தூளைச் சூட்டில் உருக்கிக் கோட்டை மேடாக எழுப்பும் எம்பாஸிங்குக்கும் ஏற்றவை. சால்வென்ட் இங்க் நீரை உறிஞ்சாத பரப்புகளுக்கானது. அசிட்டேட் ஷீட் எனும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் பதிக்க இதுவே வேண்டும். பதித்த படத்துக்கு வண்ணம் தீட்டும்போது இந்த அறிவு உடனே பயன்படும். நீர்வண்ணம் தீட்டப்போகிறீர்கள் என்றால், கோடு நீரில் கரையாத மையால் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆல்கஹால் மார்க்கருக்கு, ஆல்கஹாலில் கலையாத மை வேண்டும். நீரை நன்கு தாங்கும் சால்வென்ட் இங்க் இங்கே கலைந்துவிடும். எனவே, எதைக் கொண்டு தீட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே ஸ்டாம்பைக் கையில் எடுக்க வேண்டும்.

ஹீட் எம்பாஸிங் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தேர்விலும் இது தனியாகக் கவனிக்கப்படும். பதிப்பதற்கு முன் தாள் முழுவதையும் ஆன்டி-ஸ்டேடிக் பையால் (நுண்பொடி அடைத்த சிறு துணிப்பை) ஒற்றிவிட வேண்டும். கையின் எண்ணெய்ப் பசையிலும் ஈரத்திலும் தூள் ஒட்டாமல் இருக்க இது உதவும். பிக்மென்ட் அல்லது எம்பாஸிங் மையால் பதித்து, தூளைத் தாராளமாகத் தூவி, தாளைச் சாய்த்து மிகுதியைத் தட்டிவிட்டு, சிதறிய துகள்களைச் சிறிய உலர்ந்த தூரிகையால் நீக்குங்கள். சூடான காற்றை வீசும் ஹீட் கன்னைத் தாளுக்கு அப்பால் சில நொடிகள் ஓடவிட்டுச் சூடான பிறகே படத்தின் பக்கம் கொண்டுவர வேண்டும். சொரசொரப்பாக மங்கித் தெரியும் தூள் ஓர் ஓரத்தில் சட்டென்று உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு கோட்டின் வழியே நகர, சூட்டையும் அதனோடு நகர்த்திச் செல்ல வேண்டும். உருகிய இடத்திலேயே நின்றுவிட்டால், எழும்பிய கோடு தட்டையாகி எண்ணெய் படிந்ததைப்போல் ஆகும்; தாளும் வளையும். வெல்லம் (vellum) எனப்படும் அரை ஒளி ஊடுருவும் தாளும் அசிட்டேட்டும் சூட்டில் சுருங்கி நெளியக்கூடியவை. ஆகவே சூடு காட்டும் வேலை எல்லாவற்றையும், அடுக்குகளை ஒட்டத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

ஒரு படம் முன்னாலும் இன்னொன்று பின்னாலும் இருப்பதுபோல் காட்டும் மாஸ்கிங் முறையைக் கட்டாயம் பயிற்சி செய்யுங்கள். முன்னால் தெரிய வேண்டிய படத்தை முதலில் பதித்து, அதே படத்தை ஒட்டுக்குறிப்புத் தாளிலும் பதித்து, கோட்டின் மேலேயே வெட்டியெடுத்து முதல் படத்தை மூட வேண்டும். இரண்டாவது படத்தை அதன்மேல் சற்றே ஏறும்படி பதித்துவிட்டு மூடியை எடுத்தால், அது பின்னால் போய் நிற்கும். மூடியைக் கோட்டுக்கு வெளியே விட்டு வெட்டினால் இரண்டு படங்களுக்கும் நடுவே வெண்மையான இடைவெளி தெரியும். கையில் மூன்று நான்கு ஸ்டாம்புகள் மட்டுமே இருந்தாலும், இந்த ஒரு முறையால் முழுக் காட்சியை அமைத்துவிடலாம்.

காகித வேலைகளில், மெல்லிய காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டும் க்வில்லிங்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இறுக்கச் சுருள், தளர்ந்த சுருள், கண்ணீர்த்துளி, இருமுனைக் கண் வடிவம் ஆகிய நான்கும் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருமாறு பயின்றால் போதும். அட்டையைத் திறக்கும்போது உருவம் எழுந்து நிற்கும் பாப்-அப் மட்டும் கணக்கோடு படிக்க வேண்டியது. மடித்த தாளின் மடிப்பிலிருந்து இரண்டு இணையான வெட்டுகள் போட்டு உள்ளே தள்ளினால் ஒரு படி எழுகிறது. அட்டையை மூடும்போது அந்தப் படியின் விளிம்பு, வெட்டின் நீளத்தைப்போல் இரு மடங்கு தொலைவுக்கு மடிப்பிலிருந்து விலகிச் செல்லும். படியின் முகத்தில் ஒட்டும் உருவமோ, வெட்டின் நீளத்தோடு தன் உயரமும் சேர்ந்த தொலைவுக்குச் செல்லும். ஆகவே 105 மி.மீ. அகலமுள்ள பக்கத்தில் 30 மி.மீ. வெட்டுப் போட்டால், உருவத்தின் உயரம் 75 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. 70-இல் நிறுத்துவது பாதுகாப்பு. இந்தக் கூட்டலைப் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டு வெட்டுபவருடைய அட்டை, மூடிய பின் ஓரத்தில் எதையும் வெளியே நீட்டாது.

ஒட்டும் பொருளில் தேர்வுக்கு ஏற்றது டபுள் சைட் டேப். அது காயக் காத்திருக்க வேண்டியதில்லை, மெல்லிய தாளையும் நெளியவைக்காது. நீர் கலந்த வெள்ளைப் பசையைச் சிறு துண்டுகளுக்கும் க்வில்லிங்குக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உயர்த்திக் காட்ட ஃபோம் டேப் ஒன்றிரண்டு இடங்களில் போதும்.

தேர்வு நாளில் நேரத்தைக் காய்தலின் கணக்கில் பிரித்துக்கொண்டேன். அதிக நேரம் காய வேண்டிய பதிவை முதலில் முடித்து ஒதுக்கி வைத்துவிட்டு, அது காயும் நேரத்தில் அடி அட்டையை வெட்டி மடித்தேன், அடுக்குகளை வெட்டினேன், வாசகத்துக்கு இடம் குறித்தேன். இதற்கு இரண்டு பழக்கங்கள் துணை நின்றன. முதலாவது, அடி அட்டையில் நேரடியாகப் பதிக்காமல் தனித் துண்டில் பதிப்பது. பதிவு சரியாக வராவிட்டால் அந்தத் துண்டோடு நட்டம் முடிந்துவிடும். இரண்டாவது, முதலில் பதித்து, பிறகு வெட்டுவது. வெட்டிய துண்டின் நடுவில் ஸ்டாம்பைச் சரியாக இறக்குவது கடினம். பதிந்த படத்தை நடுவில் வைத்து அளந்து வெட்டுவது எளிது. ஏ6 அட்டையின் முகப்பு 105-க்கு 148 மி.மீ. என்றால், மேலடுக்கை 99-க்கு 142 என்று வெட்டினால் நாற்புறமும் 3 மி.மீ. கரை சீராக நிற்கும். அந்தக் கரை ஒரு பக்கம் குறுகியிருந்தாலும் கண் உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் ஒரு முறை வெறுமனே வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வாய்மொழிக் கேள்விகளில் வரலாறும் வரும். லண்டனில் 1843-இல் ஹென்றி கோல், ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு வரையச் செய்து வெளியிட்டதே விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையாகக் கருதப்படுகிறது. கல்லச்சில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டது. பிரிட்டனில் 1840-இல் வந்த ஒரு பென்னி அஞ்சல் கட்டணம் இதற்கு வழிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்டாம்ப்பைப் பொறுத்தவரை, சார்லஸ் குட்இயர் 1844-இல் காப்புரிமை பெற்ற வல்கனைசேஷன் முறையை அறிந்திருக்க வேண்டும். வெப்பத்தில் பிசுபிசுத்துக் குளிரில் விறைக்கும் இயற்கை ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கியதால், அழுத்தினால் அமுங்கி மீண்டும் தன் வடிவுக்கு வரும் பொருளாக அது மாறியது. நுண்கோடுகளைத் திரும்பத் திரும்பப் பதிக்க முடிவது அந்தக் குணத்தால்தான்.

ஒப்படைப்பதற்கு முன் சில நிமிடங்களை ஒதுக்கி வையுங்கள். மை முழுவதும் காய்ந்த பிறகே பென்சில் குறிகளை அழிக்க வேண்டும். டேப்பின் ஓரம் எங்கேனும் வெளியே தெரிகிறதா, உட்புறம் எழுதுவதற்கு இடம் இருக்கிறதா, அடர்நிறத் தாளாக இருந்தால் அங்கே வெளிர் தாள் ஒட்டியிருக்கிறோமா என்று பாருங்கள். பாப்-அப் அட்டையைச் சில முறை திறந்து மூடுங்கள். இறுதியாக, அட்டையை 114-க்கு 162 மி.மீ. அளவுள்ள சி6 உறையில் நுழைத்துப் பாருங்கள். ஃபோம் டேப் வைத்த இடம் இடிக்காமல் உள்ளே போய் வெளியே வந்தால், அட்டையை ஒப்படைக்கலாம்.