பழைய சர்வரின் பிளக்கைப் பிடுங்கினால்தான் மிச்சம்

ஜொகூர் கூலாய் பக்கம் தோட்ட ஆபீஸோ கூட்டுறவுக் கடையோ, ஒரு மூலையில் சர்வர் இராப்பகலாக ஓடும். செக்ரோல் என்னும் சம்பளப் பதிவுக் கணக்கைக் கிளவுட்டுக்கு, அதாவது இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் கணினிக்கு, மாற்றப் போகிறவர்கள் முதலில் ஒரு வாட் மீட்டரைச் செருகி ஒரு வாரம் அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போதே 150 வாட் இழுத்தால் வருஷத்துக்கு 1,314 யூனிட். தீபகற்ப மலேசிய மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக ஏறக்குறைய 1 டன். ஏர்கோன் தனி.

கிளவுட் என்றாலே பச்சை மின்சாரம் என்று நம்பிவிடாதீர்கள். கூலாய்க்கு அருகே செடெனாக்கில் செம்பனைக்கு நடுவே எழுந்துள்ள தரவு மையங்களும் பெரும்பாலும் இதே மின்கட்டமைப்பில்தான் ஓடுகின்றன. மிச்சம் வருவது, ஒரே இயந்திரத்தைப் பலர் பகிர்வதாலும் குளிரூட்டும் செலவு குறைவதாலும். மொத்த மின்சாரத்தைக் கணினிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கூகுள் தன் மையங்களுக்குச் சொல்லும் சராசரி சுமார் 1.1, அதாவது கணினிக்கு 1 யூனிட் போனால் மற்றதற்கெல்லாம் 0.1தான்.

பலர் தவறுவது இங்கேதான்: பழைய சர்வரில் 8 கோர் (கணக்கிடும் சில்லின் பகுதிகள்) இருந்ததென்று கிளவுட்டிலும் 8 கோர் எடுப்பார்கள். பழைய சர்வரின் வேலைப் பளு அதன் திறனில் 10 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் 2 கோர், 4 ஜிபி நினைவகம் போதும். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 11 மணி நேரம் மட்டும் ஓடும்படி நேரம் குறித்துவிட்டால் வாரத்தின் 168 மணியில் 55தான்.

இடி மழையில் இணைய லைன் போகும். சம்பள நாளுக்கு முன்பே பட்டியலை மடிக்கணினியில் இறக்கி வையுங்கள். ஒரு மாதம் சரிபார்த்ததும் பழைய சர்வர், யுபிஎஸ், அந்த அறை ஏர்கோன் மூன்றையும் நிறுத்துங்கள். “பேக்கப்புக்கு இருக்கட்டும்” என்று விட்டால் கரண்டு இரண்டு இடத்திலும் போகும்.