ஹார்பின் பனித் திருவிழாவுக்குப் பெட்டி கட்டும்போது

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வடகிழக்குச் சீனாவின் ஹார்பின் நகருக்குப் போகிறவர்கள் இங்கே முதலில் தேடுவது தடித்த ஜாக்கெட்டைத்தான். ஆனால் குளிர் தாங்குமா என்பதை உடம்பை ஒட்டிய துணிதான் முடிவு செய்கிறது. பருத்தி வேண்டவே வேண்டாம். நடக்கும்போது வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். வரிசையில் நின்றதும் அந்த ஈரமே நடுக்கும். மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளுடை, மேலே ஃபிளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை, அதற்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துப்போகும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றே போதும். ஹீட் பேக்கில் இருக்கும் இரும்புத்தூள் காற்றுப் பட்டால்தான் சூடாகும். அதனால் பிரித்து, குலுக்கி, சூடேறிய பிறகே கையுறைக்குள் வையுங்கள். தோலில் நேரடியாக ஒட்டினால் கொப்புளம் வரும், பிள்ளைகள் விஷயத்தில் கவனம்.

கடிகாரத்தை மாற்ற வேண்டாம், அங்கும் நம் சிங்கப்பூர் நேரம்தான். ஆனால் டிசம்பர் கடைசியில் 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். 3 மணிக்குத் திருவிழாத் திடலுக்குள் போனால் சோங்ஹுவா ஆற்றில் அறுத்தெடுத்த பனிக்கட்டிச் சுவர்களைப் பகல் வெளிச்சத்திலும் பார்க்கலாம், விளக்கு எரியும்போதும் பார்க்கலாம். அந்த அழகைத் தவறவிடாதீர்கள்!

மைனஸ் 20 டிகிரியில் கைப்பேசி பேட்டரி சட்டென்று இறங்கும். உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே ஜிப் பையில் போட்டு மூடுங்கள். சூடு ஏறும் முன் பிரித்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.