குழந்தை இருக்கும் கால்ஷீட்

விளம்பரப் படங்களில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். ஆர்ட்டிஸ்ட் லிஸ்டில் ஒரு சின்னக் குழந்தை இருந்தால் முதல் நாள் ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வராது. அந்தக் குழந்தைக்குப் பொறுப்பாளர் என்று கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் பேப்பரில் பெரும்பாலும் என் பெயர்தான் இருக்கும். எடுத்துக்கொண்ட கால்ஷீட்டுக்குள் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் தலையில் கட்டலாம் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, 14 வயது நிறையாத யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஆனது. அதில் இரண்டு விலக்குகள். ஒன்று, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவது. இன்னொன்று எங்கள் தொழில். சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு எல்லாவற்றிலும் குழந்தை 'கலைஞராக' இருக்கலாம், சர்க்கஸில் மட்டும் கூடாது. சர்க்கஸ் கூடாரங்களில் குழந்தைகள் பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-ல் தீர்ப்பே வந்திருந்தது, அதனால் அவர்களுக்குக் கதவை மூடிவிட்டார்கள். எங்களுக்குக் கதவு திறந்தது, கூடவே 2017-ல் நிபந்தனைகளும் வந்தன. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வு கொடுக்காமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும். இத்தனைக்கும் முன்னால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி.

அந்த அனுமதி, படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் வாங்க வேண்டியது. காலையில் வடபழனியில் இரண்டு ஷாட், மதியத்துக்கு மேல் முட்டுக்காடு பக்கம் ஈசிஆர் பங்களா என்று டைரக்டர் ஆசைப்பட்டால் ஒன்று சென்னை, இன்னொன்று செங்கல்பட்டு. இரண்டு ஆபீஸ் ஏற வேண்டும். படிவம் 'சி'-யில் உறுதிமொழி, பெற்றோர் சம்மதம், குழந்தைகளின் பட்டியல் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பட்டியலில்தான் சிக்கல். விளம்பர உலகத்தில் எந்தக் குழந்தை என்பதை கிளையன்ட் ஷூட்டிங்குக்கு முதல் நாள் ராத்திரி வரை முடிவு செய்ய மாட்டார். மூன்று குழந்தைகளுக்கு லுக் டெஸ்ட் எடுத்து அனுப்பியிருப்போம். "அந்தப் பல்லு விழுந்த பையன் க்யூட்டா இருக்கான், ஆனா கொஞ்சம் யோசிக்கிறோம்" என்று பதில் வரும். அவர்கள் யோசித்து முடிக்கும்வரை கலெக்டர் ஆபீஸ் காத்திருக்குமா? அதனால் மூன்று பேருடைய பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். உறுதிமொழி 6 மாதம் செல்லும் என்பது ஒரு ஆறுதல்.

பேப்பர் வேலை அலைச்சல்தானே தவிர, செய்து முடித்துவிடலாம். தலைவலி அந்த 5 மணி நேரத்தில் இருக்கிறது. எதிலிருந்து எண்ணுவது? காலை ஏழு மணிக்கு ஸ்பாட்டில் இருக்க வேண்டும் என்றால் தாம்பரம் பக்கம் இருக்கிற குடும்பம் ஐந்தரைக்கே வண்டி ஏறும். வந்ததும் தலை சீவி, பவுடர் போட்டு, காஸ்ட்யூம் மாட்டி உட்கார வைத்துவிடுவார்கள். லைட்டிங் முடிய பத்தரை ஆகும். பிறகு பெரியவர்களின் ஷாட். முதல் டேக்குக்குக் குழந்தையைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு. டைரக்டர் கணக்கில் அது இன்னும் வேலையே செய்யவில்லை. விதி 'வேலை' என்று மட்டும் சொல்கிறது, காத்திருப்பதைப் பற்றிப் பேச்சில்லை. நான் கேட்டுக்குள் வண்டி நுழைந்த நேரத்தை எழுதி வைப்பேன். "என்ன சார், மேக்கப்பையும் சேர்த்தா எண்றீங்க?" என்று அசோசியேட்டுகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இங்கிலாந்தில் 2014-ல் போட்ட விதிகளில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். 5 முதல் 8 வயதுக் குழந்தை என்றால் அந்த இடத்தில் இருக்கக்கூடியது அதிகபட்சம் 8 மணி நேரம், அதற்குள் நடிப்பும் ஒத்திகையும் சேர்த்து 3 மணி நேரம். காத்திருப்பதும் குழந்தையின் நாளில் சேர்த்திதான் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். இன்னொரு விஷயத்திலும் எனக்கு அவர்கள் மேல் பொறாமை. அங்கே குழந்தைக்குக் கூட வருகிற காப்பாளர் உள்ளாட்சி மன்றம் சரிபார்த்து அங்கீகரித்த ஆள். ஒருவர் 12 குழந்தைகள் வரை பார்த்துக்கொள்ளலாம், அந்த எண்ணிக்கையில் நம் விதிதான் மேல். ஆனால் 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு வெளியிலிருந்து வருகிறது. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் தயாரிப்பாளர். நிறுத்தினால் நஷ்டப்படுபவரும் அவர்தான்.

ஒரு இன்சூரன்ஸ் விளம்பரம். பள்ளிக்கூட கேட்டில் அப்பாவுக்காகக் காத்திருக்கும் பாப்பா அழ வேண்டும். அவளோ காலையிலிருந்து லைட்மேன்களோடு விளையாடிக்கொண்டு குஷியாக இருந்தாள். நாலைந்து டேக் போனது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "அம்மாவை கேரவனுக்கு அனுப்பிட்டு, போயிட்டாங்கன்னு சொல்லுங்க, தானா அழும்" என்றார் ஒருவர். புதிய யோசனை ஒன்றும் இல்லை, தொழிலில் பலரும் செய்து பார்த்ததுதான். வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே எழுந்துவிட்டார். "பரவால்ல சார், நான் போய் நிக்கிறேன். ஷாட் ஓகே ஆகட்டும்." பெற்றோர் சம்மதம் என்று நாங்கள் ஃபைலில் வைத்திருக்கும் காகிதத்தில் இருப்பதும் இதே குரல்தான்.

நான் தடுத்தேன். கொஞ்சம் சத்தம் போட்டே தடுத்தேன். ஆனால் என் பேச்சு எடுபட்டது படிவம் 'சி'-யால் அல்ல. வயதில் மூத்த கேமராமேன் மானிட்டரைப் பார்த்தபடியே, "பின்னாடி இருந்து எடுத்தா இதைவிட நல்லா இருக்கும்யா" என்றார். குழந்தையின் முதுகும் பையும் மட்டும் தெரிந்தன. விசும்பலை டப்பிங்கில் ஒரு பெண்மணி கொடுத்தார், நாற்பது வயதுக்காரர், குழந்தைக் குரல்களுக்கென்றே கூப்பிடப்படுபவர். கேமராமேன் அன்றைக்கு வேறு மூடில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்றும் விதியில் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரி. ஆனால் ஐந்து வயதுக் குழந்தை எனக்கு விருப்பமில்லை என்று வந்து சொல்லாது. "தண்ணி வேணும்" என்று சொல்லும். அடுத்த டேக்கில் "உச்சா வருது". அதற்கடுத்து ஷூ கடிக்கிறது. பழைய ஆட்கள் இதைக் குறும்பு என்பார்கள். பாத்ரூமுக்கு இரண்டாவது தடவை போய்ச் சும்மா திரும்பி வந்தால் நான் பிரேக் கேட்பேன். அந்தப் பத்து நிமிஷத்தில் பிஸ்கட்டையும் மொபைலையும் அம்மா கையில் கொடுத்து ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் உட்கார வைத்தால், பாதி நேரம் சரியாகிவிடும். மீதிப் பாதி நேரம் அன்றைக்கு அவ்வளவுதான்.

பணத்துக்கு வருகிறேன். சாப்ளினோடு சிறுவனாக நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், பெரியவனாகிப் பார்த்தபோது சம்பாதித்ததில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. 1938-ல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். அதன் பிறகுதான் 1939-ல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே சட்டம் வந்தது. இப்போது அங்கே 15 சதவீதம், நமக்கு 20. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சம்பளம், குழந்தையை ஏற்பாடு செய்து தரும் கோ-ஆர்டினேட்டர் வழியாகப் போகும், அவர் கமிஷனை எடுத்துக்கொள்வார். பத்தாயிரம் பேசியிருந்தால் அந்தப் பத்தாயிரத்துக்கு இரண்டாயிரமா, கமிஷன் போக மீதிக்கா என்று ஒவ்வொரு முறையும் ஒரு வாக்குவாதம் நடக்கும். ஏஜென்சி காசு கொடுக்கவே மாதக்கணக்காகும். இரண்டாயிரம் ரூபாய்க்கு மைனர் பெயரில் டெபாசிட் போட ஆதார், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு நாள் லீவு போட வேண்டுமா என்று அப்பாக்கள் கேட்பார்கள். அவர்களை ஆசை பிடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பிள்ளையை ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போவதற்காகவே வேலையை விட்ட அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். மீதி 80 சதவீதத்தில் அந்த வீட்டு வாடகையும் இருக்கும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் 14 நிறையும் வரைதான். நூறு வருஷத்துக்கு முன்னால் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் பையன்களைக் கம்பெனி வீட்டிலேயே தங்க வைத்துப் பாடமும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும் பெண் வேஷமும் ராஜபார்ட்டும் அடுத்த பையனுக்குப் போய்விடும். இப்போதும் கிட்டத்தட்ட அந்த வயதில்தான் ஆட்சியர் அனுமதியும் வைப்புத் தொகையும் நின்றுபோகின்றன. சீரியலில் மகளாக நடிக்கிற பதினைந்து வயதுப் பெண்ணுக்காக நான் படிவம் 'சி' எழுதியதே இல்லை.

சமீப காலமாக எனக்குக் குழந்தைகள் இருக்கும் வேலை குறைந்துவிட்டது. பிராண்டுகள் பொருளைப் பெட்டியில் போட்டு நேராக வீட்டுக்கே அனுப்பிவிடுகின்றன. அம்மா மொபைலில் எடுக்கிறார், குழந்தை பெட்டியைப் பிரித்து ஆச்சரியப்படுகிறது, சரியாக ஆச்சரியப்படாவிட்டால் திரும்ப ஒட்டிப் பிரிக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் இப்படிப்பட்ட வீடியோக்களில் வரும் குழந்தைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்கச் சொல்லும் சட்டத்தை 2024 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஏஜென்சியில் இருக்கும் ஒரு தம்பியிடம், இதற்கெல்லாம் அனுமதி யார் வாங்குவது என்று கேட்டேன். "பேரன்ட்ஸே எடுக்கிறாங்களே சார், அதுல நமக்கு என்ன இருக்கு?" என்று பட்ஜெட் ஷீட்டைத் திருப்பிக் காட்டினார். கேரவன், வேன், பொறுப்பாளர் பேட்டா என்று நான் வழக்கமாக எழுதும் வரிகள் ஒன்றுகூட அதில் இல்லை. குழந்தைக்கான சம்பளம் என்ற வரியும் இல்லை, 'கிஃப்ட் ஹேம்பர்' என்று போட்டிருந்தது.