சோதனை ஓட்டத்தில் யார் வேகம்? நேரப் பட்டியலைப் படிக்கும் முறை

ஃபார்முலா 1 பருவத்துக்கு முன் நடக்கும் சோதனை ஓட்டத்துக்காகப் பஹ்ரைனில் காலை 10 மணிக்குப் பிட் லேன் (கராஜிலிருந்து பாதைக்குச் செல்லும் வழி) திறக்கும்போது சிங்கப்பூரில் நமக்குப் பிற்பகல் 3. அங்கே இரவு 7 மணிக்கு முடிந்தால் இங்கே நள்ளிரவு. ஒன்பது மணி நேரமும் லைவ் டைமிங்கை (சுற்று நேரங்களை உடனுக்குடன் காட்டும் பட்டியலை) வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் நேரம் இரவு 9 முதல் 12 வரை போதும். பகலில் தார் கொதிக்கும், பின் டயர் சீக்கிரம் சூடேறும், காற்றில் வந்த மணலும் பாதையில் கிடக்கும். அங்கே பந்தயம் மாலை 6 மணிக்குத் தொடங்குவதால், அதை ஒத்த சூடும் பிடிப்பும் அந்தக் கடைசி மூன்று மணி நேரத்தில்தான் கிடைக்கும்.

முதலில், பட்டியலின் தலைப்பகுதியை மறந்துவிடுங்கள். 2025 பிப்ரவரியில் மூன்று நாளும் சேர்த்து மிக வேகமான சுற்று வில்லியம்ஸில் கார்லோஸ் சைன்ஸ் ஓட்டிய 1:29.348. ஏப்ரலில் அதே பாதையில் போல் பொசிஷன் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்த மெக்லாரனின் பியாஸ்ட்ரி ஓட்டிய நேரம் 1:29.841. இதை வைத்து வில்லியம்ஸ் மெக்லாரனைவிட அரை விநாடி வேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஆண்டு பட்டம் மெக்லாரனுக்குத்தான் போனது. 2019 பார்சிலோனா சோதனையில் ஃபெராரியின் வெட்டல் 1:16.221, மெர்சிடிஸின் ஹாமில்டன் 1:16.224. ஃபெராரி முன்னால் என்று ஊரே பேசியது. மெர்சிடிஸோ முதல் ஐந்து பந்தயங்களிலும் முதல் இரண்டு இடங்களை அள்ளியது. மறுபக்கமும் உண்டு. 2009-இல் பிரான் அணி சோதனைக்குத் தாமதமாக வந்து எல்லாரையும் தாண்டியபோது, விளம்பரதாரரைப் பிடிக்கக் காலி டேங்கில் ஓடுகிறார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஓட்டுநர், அணி என இரண்டு பட்டங்களும் அவர்களுக்கே.

இத்தனை குழப்பத்துக்கும் முதல் காரணம் பெட்ரோல். 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 0.3 விநாடி போகும். தேக்கா சந்தையில் தூக்கிவரும் ஒரு அரிசி மூட்டையின் எடைதான் அது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை எந்த அணியும் சொல்லாது. சுற்றுகளை எண்ணிக் குறைந்தபட்சத்தை ஊகிக்கலாம். வெளியே வந்து, ஒரு வேகச் சுற்று, உடனே உள்ளே என்றால் ஐந்தாறு கிலோவே போதும். இடையில் டயரை ஆறவிட்டு மூன்று வேகச் சுற்று போனால் பத்துக் கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உச்சவரம்பைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒற்றைச் சுற்று நேரத்தை நான் பெரிதாக மதிக்காததற்கு அதுவே காரணம்.

லாங் ரன் (நிற்காமல் பல சுற்று தொடர்ந்து ஓடுவது) வேறு கதை. அங்கே பார்க்க வேண்டியது சுற்றுக்குச் சுற்று நேரம் எப்படி மாறுகிறது என்பதை. 2025 வரையான கார்கள் பஹ்ரைனின் 57 சுற்றுக்கு 100 கிலோ சொச்சம் எரித்தன, அதாவது சுற்றுக்குச் சுமார் 1.8 கிலோ. டயர் தேயவே இல்லை என்று வைத்தால், எடை குறைவதால் மட்டும் ஒவ்வொரு சுற்றும் 0.054 விநாடி வேகமாக வேண்டும். நேரம் மாறாமல் நின்றால், டயர் அதே அளவுக்குத் தேய்ந்து ஈடுகட்டுகிறது என்று அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கார் 1:36.8-இல் தொடங்கிப் பதினைந்தாவது சுற்றில் 1:36.9. இன்னொன்று 1:36.2-இல் தொடங்கி 1:37.6. நடுவில் 14 சுற்று இடைவெளி. எடை குறைந்ததால் கிடைத்த லாபம் சுமார் 0.75 விநாடி. முதல் கார் டயரால் இழந்தது 0.1 கூட்டல் 0.75, சுற்றுக்கு 0.06. இரண்டாவது 1.4 கூட்டல் 0.75, சுற்றுக்கு 0.15. பட்டியலில் 0.6 விநாடி முன்னால் தெரிந்த கார் எட்டாவது சுற்றிலேயே பின்தங்கிவிடுகிறது. 2004-இல் போட்ட சொரசொரப்பான தாரில் பந்தயத்தைத் தீர்மானிப்பது இந்த 0.09 வித்தியாசம்தான்.

ஆனால் அது உண்மையிலேயே பந்தய ஒத்திகையா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஒத்திகையின் முதல் சுற்றுகள், போல் பொசிஷன் நேரத்தைவிட ஆறேழு விநாடி மெதுவாக இருக்கும். அதில் மூன்று விநாடி பெட்ரோல் எடை, மீதி டயரைக் காப்பாற்றுவதும் இன்ஜினைத் தணித்து ஓட்டுவதும். அடுத்து, பிட்டுக்குள் நுழைந்து வெளியே வந்த நேரம். ஒரு நிமிடத்துக்குள் என்றால் டயர் மட்டும் மாறியிருக்கிறது. பல நிமிடம் என்றால் கார் கராஜுக்குள் போயிருக்கிறது, பெட்ரோல் ஊற்றியிருக்கலாம், அந்த இரு ஸ்டின்ட்டையும் (பிட்டுக்கு வராமல் ஓடும் ஒரு தொடர்) ஒப்பிடாதீர்கள். சரிபார்க்க எளிய வழி: ஒரே வகை டயரில் 19 சுற்று கழித்துத் தொடங்கும் இரண்டாவது ஸ்டின்ட், முதல் ஸ்டின்ட்டின் ஆரம்பத்தைவிட ஒரு விநாடி வேகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

ஓட்டுநர் உண்மை வேகத்தை ஒளித்து விளையாடுவதும் செக்டாரில் (சுற்றை மூன்றாகப் பிரித்த பகுதிகளில்) தெரியும். முதல் இரண்டு செக்டாரும் ஊதா (அதுவரை எல்லாரையும்விட வேகம்), மூன்றாவதில் திடீரென அரை விநாடி போச்சு என்றால் கடைசி நேர்ப்பாதையில் காலை எடுத்திருக்கிறார். சிறந்த செக்டார்களைக் கூட்டிப் பாருங்கள். ஆனால் சி4, சி5 டயரில் இதை நம்ப முடியாது. அந்த மென்மையான ரப்பர் அங்கே மூன்றாம் செக்டாருக்குள்ளேயே சூடேறிக் கைவிடும், அப்போது தவறு ஓட்டுநருடையது அல்ல. வெவ்வேறு டயரில் வந்த நேரங்களை, ஒரு படிக்கு இத்தனை விநாடி என்று கழித்துச் சமன் செய்யும் வரைபடங்களும் இதனால்தான் பஹ்ரைனில் சறுக்குகின்றன.

மொத்தச் சுற்று எண்ணிக்கை நம்பகத்தன்மையைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. 2014 ஹெரெஸ் சோதனையில் ரெட் புல் நான்கு நாளில் ஓட்டியது 21 சுற்று. அந்தப் பருவத்தில் அவர்கள் மூன்று பந்தயம் வென்றார்கள். மாலை நேரத்தில் கார் பாதையோரம் நின்றாலும் உடனே முடிவுக்கு வர வேண்டாம். டேங்கின் கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடிகிறதா என்று வேண்டுமென்றே காலியாக்குவதும் உண்டு.

2026 கார்களுக்கு மேலே சொன்ன 0.054 அப்படியே பொருந்தாது. பெட்ரோல் குறைவு, மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறிவிட்டது. பேட்டரியை ஒரு சுற்றில் நிரப்பி அடுத்ததில் செலவழித்தால் நேரம் ஏறி இறங்கும், அது தேய்மானம் இல்லை. எனவே இரண்டிரண்டு சுற்றாகச் சராசரி எடுத்த பிறகே சரிவைக் கணக்கிடுங்கள். பைத்தான் தெரிந்தவர்கள் ஃபாஸ்ட்எஃப்1 நூலகத்தில் சுற்று நேரங்களை இறக்கிக்கொள்ளலாம். தெரியாதவர்களுக்கு எக்செல் போதும்.

நம்மூர்ப் பந்தயத்துக்கு இதிலிருந்து ஏதாவது தெரியுமா என்றால், மிகக் கொஞ்சம். 2023-இல் ரெட் புல் 22 பந்தயத்தில் 21 வென்றது. விட்டது மரினா பே ஒன்றுதான். இங்கே அந்த அணியின் வெர்ஸ்டாப்பன் பதினோராவது, பெரெஸ் பதின்மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பினார்கள். மேடுபள்ளமான தெருவில், கர்ப் (பாதையோரத் திட்டு) மேல் ஏறி இறங்கும் மெதுவான வளைவுகளில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்பதை பஹ்ரைனின் சாகிரிலுள்ள அகலமான பாதை சொல்லாது. ஓரளவு பார்க்க வேண்டுமானால் இரண்டாம் செக்டாரை எடுங்கள்: 8-ஆம் வளைவிலிருந்து வெளியேறும்போது பின்பக்கம் வழுக்குகிறதா, 10-ஆம் வளைவுக்குப் பிரேக் பிடிக்கையில் இடது முன்சக்கரம் சுழலாமல் பூட்டிப் புகைகிறதா என்று இரண்டே இடம்.