அத்தை வீட்டுக்கும் சொல்லுங்கள்

கழுத்தில், தாடைக்குச் சற்றுக் கீழே, தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கண்டுகொள்வது அதன் வேலை. அங்கே வளரும் கட்டி பாராகேங்லியோமா. மெதுவாக வளரும், பெரும்பாலும் வலிக்காது. அதனாலேயே பல குடும்பங்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சிங்கப்பூரில் நான் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களிடம் கதை கேட்டுக்கொண்டே குடும்பப் படம் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு. "அப்பத்தாவுக்கும் கழுத்துல கட்டி இருந்துச்சும்மா. கண்டமாலைன்னு சொல்லிப் பத்துப் போட்டாங்க. ஆனா அப்பா கடைசிவரைக்கும் திடமாத்தான் இருந்தாங்க. அப்புறம் எனக்கு மட்டும் எப்படி?" என்று ஓர் அண்ணன் கேட்டார். அப்பத்தாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

அவருக்கு மாறியிருந்தது எஸ்டிஎச்டி மரபணு. பரம்பரையாக வரும் இந்தக் கட்டிகளுக்கு அது ஒரு காரணம் என்று 2000இல் கண்டுபிடித்தார்கள். செல்லுக்குச் சக்தி தரும் ஒரு நொதியின் பகுதியை உண்டாக்குவது அந்த மரபணு. நொதி பழுதானால் சக்சினேட் என்ற பொருள் செல்லில் தேங்கும். ஆக்ஸிஜன் இருந்தும் இல்லாததுபோல் செல் நடந்துகொண்டு பெருகும். பிள்ளைக்குப் போக 50 விழுக்காடு வாய்ப்பு. ஆனால் பெரும்பாலும் அப்பாவிடமிருந்து வந்தால்தான் கட்டி வரும். அம்மாவிடமிருந்து வந்தால் வருவது மிக அபூர்வம். அவருடைய அப்பா அதை அப்பத்தாவிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும், அதனால் தப்பித்தார். மகனுக்குக் கொடுத்தபோது அது அப்பாவழி ஆகிவிட்டது.

இதைக் கேட்டதும் "அம்மாவழின்னா பயமில்ல" என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை அங்கேதான். அத்தையும் அதைச் சுமக்கலாம். அத்தை மகனுக்கும் ஒன்றும் வராமல் போகலாம். ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கு வரலாம். ஒரு தலைமுறை சும்மா இருந்தால் நோய் தீர்ந்துவிட்டதென்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. முன்னாலேயே தெரிந்தால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டே வரலாம். கட்டி சிறிதாக இருக்கும்போது அறுவை செய்தால் குரலுக்கும் விழுங்குவதற்கும் உரிய நரம்புகளுக்கு ஆபத்து குறைவு.

மரபணுவைப் பரிசோதித்தால் காப்புறுதிக்குச் சிக்கலாகுமோ என்ற பயமும் உண்டு. 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, நோயில்லாதவர் செய்துகொள்ளும் இப்படிப்பட்ட மரபணுப் பரிசோதனையைக் காப்புறுதி நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. இதை அவர்கள் கேட்காமலே நான் சொல்லிவிடுவேன்.

சித்தப்பா பிள்ளைகளுக்கு அந்த அண்ணனே போன் போட்டார். "அத்தை வீட்டோட பேச்சே இல்லம்மா" என்றார். அவர் சம்மதித்தாலும் உறவினரை நாங்களாகத் தேடிப்போவதில்லை. மரபணுவின் பெயரும் மாற்றமும் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்தேன், எந்த மருத்துவரிடமும் காட்டலாம். சித்தப்பா மகள் அதை மலேசியாவிலுள்ள ஜோகூருக்குக் கொண்டுபோய் அத்தையின் மூத்த மகனிடம் கொடுத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.