பின்னால் போன பாஸ்

"நீ செய்தது சரிதான்" என்று நான் பயிற்சி தரும் கால்பந்து அணியின் நடுக்கள வீரனிடம் சொன்னேன். அதைத் திரும்பப் பெறும் எண்ணம் இன்றும் எனக்கு இல்லை. ஆனாலும் அந்த மூன்று சொற்கள் என்னை விட்டபாடில்லை.

ஆட்டம் கோலின்றி முடிந்திருந்தது. பெரும்பாலான நேரம் பந்து எங்களிடம்தான் இருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்கள் நான் ஆசைப்பட்டபடியே ஆடினார்கள். கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொண்டு உதைக்காமல் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கினான். கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்களான சென்டர் பேக் இருவரும் நன்றாக அகன்று நின்றார்கள். நெருக்கடி வந்தபோதும் யாரும் பதறவில்லை. இரண்டாம் பாதியின் நடுவில் எங்கள் நடுக்கள வீரன் மைய வட்டத்துக்குச் சற்று முன்னால் பந்தை வாங்கினான். வாங்கும்போதே உடம்பைப் பக்கவாட்டில் திறந்துகொண்டு தலையை நிமிர்த்தினான். அந்த நொடியில், கோல் போடுவதற்காக முன்னால் ஆடும் எங்கள் ஸ்டிரைக்கர், எதிரணி சென்டர் பேக்கின் முதுகுப் பக்கமிருந்து ஓடத் தொடங்கியிருந்தான். அந்த சென்டர் பேக் இரண்டு பாதங்களையும் ஒரே கோட்டில் ஊன்றிப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி நிற்பவன் திரும்பி ஓட்டம் பிடிப்பதற்குள் ஸ்டிரைக்கர் அவனைக் கடந்திருப்பான். கையை உயர்த்திக் காட்டவும் செய்தான். நடுக்கள வீரன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, பந்தை உள்ளங்காலால் இழுத்துத் திரும்பி, எங்கள் சென்டர் பேக்கிடம் கொடுத்துவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டேன்.

"அவன் ஓடியதைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் சார்."

"ஏன் கொடுக்கவில்லை?"

"போய்ச் சேருமா என்று சந்தேகமாக இருந்தது சார். பின்னால் கொடுத்தால் பந்து நம்மிடமே இருக்கும்."

அதற்குத்தான் சரி என்று சொன்னேன். ஸ்டிரைக்கர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதுவும் வலுவான பதில். அந்த வயதில் ஒரு பையன் எதிராளி நெருங்கி வரும்போது தலையை நிமிர்த்தி, இரண்டு வழிகளைப் பார்த்து, அவற்றை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான் என்றால் அது பெரிய விஷயம். எனக்குப் பயிற்சி தந்தவர்கள் எடைபோட விட்டதே இல்லை. பந்து வந்தால் முன்னால் அடி, தூரமாக அடி என்ற ஒரே கட்டளைதான். அப்படி வளர்ந்தவர்களில் பந்தை நிறுத்தி ஆடத் தெரியாமலே ஆட்டத்தை விட்டுப் போனவர்களை நான் அறிவேன்.

அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்பவர் 1950 முதல் ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு பாஸையும் தாளில் குறித்துவந்தார். அவரும் புள்ளியியலாளர் பெர்னார்ட் பெஞ்சமினும் 1968இல் வெளியிட்ட ஆய்வின்படி, கோல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸ்களில் விழுந்தவை. எனவே அதிகம் பாஸ் செய்வது வீண் என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய குறிப்புகளிலேயே இன்னொன்றும் இருந்தது. பந்து பறிபோவதற்குள் நடக்கும் நகர்வுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மூன்று பாஸ்களுக்குள் முடிந்துவிடுபவை. பத்தில் ஒன்பது பங்கு குறுகிய நகர்வுகளாக இருந்தும் அவற்றிலிருந்து எட்டுப் பங்கு கோல்தான் வருகிறது என்றால், தன் அளவுக்கு மேல் பலன் தருவது நீண்ட நகர்வுதான். இதை நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

வாதாடும்போது நான் வேகமாகக் கடந்துபோகும் ஒரு பகுதியும் உண்டு. மைக் ஹியூஸ், இயன் ஃபிராங்க்ஸ் இருவரும் உலகக் கோப்பை ஆட்டங்களை வைத்து அந்தக் கணக்கை மறுபடி ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். நல்ல அணிகளுக்கு நீண்ட நகர்வுகள் கூடுதல் பலன் தருகின்றன என்பது என் பக்கம். ஆனால் கோலை நோக்கி அடித்த அடிகளில் கோலாக மாறியவற்றின் விகிதம், சில பாஸ்களிலேயே பந்தை முன்னால் கொண்டுபோகும் நேரடி ஆட்டத்தில்தான் அதிகம் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. காரணம் புரியாததல்ல. வேகமாகப் போகும்போது எதிரணி இன்னும் ஒழுங்காகி நின்றிருக்காது. அன்றைக்கு அந்த சென்டர் பேக் நின்ற நிலையைப் போல.

பையன் சொன்ன காரணம் அற்பமானதும் அல்ல. 2010இல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றது ஏழு ஆட்டங்களில் எட்டே கோல்கள் போட்டு. நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கிலும் 1-0. பந்து தங்களிடம் இருந்தால் எதிரணியால் கோல் போட முடியாது என்பதே அவர்களுடைய தற்காப்பு. அதே ஸ்பெயின் 2018இல் ரஷ்யாவிடமும் 2022இல் மொராக்கோவிடமும் ஆட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்கள் செய்து, பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்று வெளியேறியது. மொராக்கோவுக்கு எதிராக அவர்கள் 120 நிமிடங்கள் பந்தை வலமும் இடமுமாக நகர்த்திக்கொண்டே இருந்ததை மறுபடி போட்டுப் பார்த்தேன். பந்து யாரிடம் இருக்கிறது என்பதைப் பற்றி மொராக்கோ வீரர்கள் கவலைப்படவே இல்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் ஓடாதபோது எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

என்னை உறுத்துவது நடுக்கள வீரன்கூட அல்ல. அந்த ஸ்டிரைக்கர்தான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் ஓட்டம் குறைந்தது. காலுக்குப் பந்து கேட்டு மைய வட்டம்வரை இறங்கி வர ஆரம்பித்தான். ஒழுங்காக வாங்கினான், ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தான். எங்கள் பாஸ்களின் எண்ணிக்கை கூடியிருக்கும். ஆனால் தங்கள் முதுகுக்குப் பின்னால் ஓட ஆளில்லை என்று தெரிந்ததும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் தைரியமாக நடுக்கோடுவரை ஏறி வந்தார்கள். எங்கள் நடுக்களத்துக்குத் திரும்பக்கூட இடம் இல்லாமல் போனது. பந்தை வைத்து ஆடுவதற்கான இடத்தை உண்டாக்கித் தந்ததே பந்து கிடைக்காத அந்த ஓட்டங்கள்தான் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. எனக்குத் தெரியாத பாடமல்ல இது. வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பது.

2018 உலகக் கோப்பையில் ஜப்பானுக்கு எதிராக பெல்ஜியம் கடைசி நிமிடத்தில் போட்ட கோலைப் பையன்களுக்கு அடிக்கடி போட்டுக் காட்டுவேன். 0-2 என்று பின்தங்கி, 2-2 ஆக்கிய நிலையில், ஜப்பானின் கார்னரைக் கோல்கீப்பர் கோர்ட்வா கையில் பிடித்து உடனே டி புருய்னேவுக்கு உருட்டிவிடுகிறார். அவர் பந்தோடு நடுக்களம் முழுவதையும் கடந்து வலப்பக்கம் மியூனியருக்குக் கொடுக்கிறார். மியூனியர் குறுக்கே அடிக்க, ஷாட்லி கோலாக்குகிறார். இதில் பெல்ஜியம் ஸ்டிரைக்கர் லுகாகு பந்தைத் தொடவே இல்லை. உள்பக்கமாக ஓடி ஒரு தடுப்பாட்டக்காரரை இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் தனக்கு வந்த பந்தையும் தொடாமல் ஷாட்லிக்கு விட்டுவிட்டார். அவர் ஓடியிராவிட்டால் அந்தக் கோல் இல்லை. ஆனால் அவர் பந்து வரும் என்று நம்பித்தானே ஓடியிருப்பார்? வராது என்று தெரிந்த ஒருவன் எத்தனை முறை அப்படி ஓடுவான்?

துணைப் பயிற்சியாளர் என் கவலையை ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து வந்த எதிரணிகள் தொடக்கத்தில் தங்கள் கோலுக்கு அருகிலேயே நின்றன, ஓட இடமில்லை, அதனால்தான் பையன் இறங்கி வரப் பழகினான், நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையால் அல்ல என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேறொரு நாள் அவரே கேட்டார்.

"அவன் அந்தப் பாஸைக் கொடுத்து, அது பறிபோயிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"அதுவும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்."

"அப்படியென்றால் எதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்?"

முடிவெடுப்பதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றேன். அவர் தலையாட்டினார். எனக்கே அந்தப் பதில் போதவில்லை.

ஸ்டிரைக்கரிடம் தனியாகப் பேசினேன். பந்து வந்தாலும் வராவிட்டாலும் ஓடு என்றேன். "ஓடுகிறேன் சார்" என்றான். ஓடவும் செய்தான், சொன்னதற்காக ஓடுவதுபோல. ஒரு ஆட்டத்தில் நடுக்கள வீரன் அந்தப் பாஸைக் கொடுத்தேவிட்டான். சற்று நீளமாகப் போய்க் கோல்கீப்பர் கையில் சேர்ந்தது. அவன் உடனே கோட்டோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தான். கைதட்டினேன். முகம் தெளியவில்லை. பின்னால் கொடுத்தபோதெல்லாம் அவன் என் முகத்தைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பயிற்சியில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். ஓட்டம் தொடங்கிவிட்டால், பந்து வைத்திருப்பவனின் முதல் பார்வை முன்னால்தான் போக வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் கொடுக்க வேண்டுமா என்று நடுக்கள வீரன் கேட்டான். கொடு என்றேன். "அப்படியானால் அன்றைக்கு?" என்றான். அன்றைய நிலை வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். எதிரணியின் இன்னொரு சென்டர் பேக் உள்ளே வந்து மூட நேரம் இருந்தது என்றேன். வீடியோவில் பார்த்தால் அதற்கு நேரம் இருந்ததாகவும் தெரிகிறது, இல்லாததாகவும் தெரிகிறது.

அடுத்த ஆட்டத்தின் எதிரணி எங்கள் பாதிக்கே வந்து நெருக்கி ஆடும் அணி. அவர்கள் முதுகுக்குப் பின்னால் இடம் நிறைய இருக்கும். ஸ்டிரைக்கரை நடுவிலேயே வைத்து ஆட வைப்பது என் எண்ணம். அவனை வலப்பக்கம் மாற்றிவிட்டு, நடுவில் பந்தைப் பிடித்து நிற்கக்கூடிய ஒருவனைப் போடலாம் என்கிறார் துணைப் பயிற்சியாளர். அதற்கும் அவரிடம் காரணங்கள் இருக்கின்றன, நல்ல காரணங்கள்தான். இன்னும் முடிவெடுக்கவில்லை.